மஞ்சள் பூத்த தரை

நவம்பர் 2

புயலில் எண்ணெய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்து சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனதே, அதற்கு அடுத்த வருஷம் இது. எங்கள் சந்தில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டி, மாதக்கணக்கில் தண்ணீரை இறைத்துக் கொட்டி, பாதியில் விட்டுப்போன வருஷம். பக்கத்து வீட்டுக் கனகாவின் மகள் தீபா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து பெண் குழந்தை பெற்ற வருஷம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வருஷம் என்றால் இப்படித்தான்.

தேதியை போனே போட்டுக்கொள்கிறது. பேசினால் எழுதிவிடும் என்று என் மகள் பிலோ காட்டிக் கொடுத்தாள்.

"நைனா, நம்ம பேச்சு பேசுனா அதுக்குப் பேஜாரா பூடும். பேப்பர்ல வர்ற மாதிரி பேசு."

டீக்கடையில் ஐம்பது வருஷம் பேப்பர் படிக்கக் கேட்டவன் நான். அந்தத் தமிழ் வரும். மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே சொல்லி வைக்கிறேன்.

காலையில் தூறல். கல்லறைத் திருநாள். காசிமேட்டுக்குப் போனோம். என் மனைவி மேரிக்கு மெழுகுவர்த்தி நான்கு, சாமந்தி, ஊதுவத்தி. புல் பிடுங்குகிற ஆள் வரவில்லை. நானே பிடுங்கினேன். முட்டி வலி.

திரும்பி வந்தால் கனகா வீட்டு வாசலில் செருப்புக் குவியல். பின்னறைத் தரை தானாக மேலே வருகிறதாம்.

நவம்பர் 4

மழை இல்லை. புழுக்கம். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, பிலோவிடம் சொல்ல வேண்டும்.

கனகா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். பின்னறை நடுவில் சிமெண்டுத் தரை, சோற்றுச் சட்டியைக் கவிழ்த்தது போல உப்பி நிற்கிறது. சுற்றிலும் வெடிப்பு. வெடிப்பிலிருந்து மஞ்சள் நிறத்தில் மாவு பூத்திருக்கிறது. அசல் குளிக்கிற மஞ்சள் நிறம். யாரும் கொண்டுவந்து போட்டதில்லை. துடைத்தால் மறுநாள் மறுபடி.

கையை வைத்தேன். வெதுவெதுப்பு. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

பூ விற்கிற பேபியம்மாவுக்குச் சாமி வரும். அவள்தான் சொல்லியிருக்கிறாள், பச்சைக் குழந்தை பிறந்த வீடு பார்த்து அம்மன் எழுந்திருக்கிறாள் என்று. அன்றைக்கே வெடிப்பில் ஒரு சொம்பு பால் ஊற்றியாயிற்று. தினமும் மூன்று குடம் தண்ணீர்.

குழந்தை அதன் பக்கத்திலேயே பாயில் கிடக்கிறது. தலைமாட்டில் சுவரில் கனகாவின் அப்பா படம், மாலை போட்டு.

"அயுவறதே இல்ல மாமா," என்றாள் கனகா. "பசிச்சாக்கூட மொனகறதோட சரி. அம்மாதான் தாலாட்டறா."

குனிந்தபோது மூக்கில் ஏறியது. தீக்குச்சி உரசின வாசனை. நாக்கில் புளிப்பு. அந்த வாசனையை எனக்குத் தெரியும். எங்கே என்று உடனே பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகு பிடிபட்டது.

நவம்பர் 5

யாரிடமும் சொல்லாதது. போனுக்குத்தான்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம். அதற்கு முந்தின மழைக்கு இந்தச் சந்து முழுக்கத் தண்ணீரில் நின்றது. கனகா அப்போது ஏணையில். அவள் அப்பாவும் நானும் துறைமுகத்தில் ஒரே கேங். அவன் பெயரை என் வாயால் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆகையால் த. என்று போடுகிறேன்.

ஆசிட் கம்பெனிக்கென்று ஒரு கல் கப்பலில் வரும். உடைத்தால் தங்கம் மாதிரி மினுக்கும். நாங்கள் பொன்கல் என்போம். துறைமுகத்தில் ஒரு வழக்கம் இருந்தது: இறக்கும்போது கீழே சிந்துவது கூட்டின கேங்குக்குச் சொந்தம். கோதுமை சிந்தினால் கோதுமை, கந்தகம் சிந்தினால் கந்தகம். பொன்கல் சிந்தினதை யாரும் சீந்தமாட்டார்கள். த. தான் கேட்டான், என் மனையில் கொட்டுங்கடா, பள்ளம் தூரும் என்று. அவன் மனையில் ஒரு பழைய உப்புக் கிணறும் இருந்தது.

ஐந்து பேர். த., நான், ஏசுரத்தினம், மஸ்தான், பாவாடை. ஆறு லாரி கல். கிணறு தூர்ந்தது. மேலே நாற்பது கூடை கிளிஞ்சல், அதன் மேல் களிமண், அதன் மேல் வீடு. அந்தப் பின்னறை கிணற்றின் மேல்தான் நிற்கிறது.

எனக்கும் ஒரு லாரி எடுத்து வைத்தான். மேரி வேண்டாம் என்றுவிட்டாள். வாயும் வயிறுமாக இருந்தாள். "நெருப்புக்குச்சி நாத்தம் அடிக்குது, குமட்டுது." என் வீட்டுக்குக் கடற்கரை மணல் போட்டேன். என் தரை இன்றைக்கும் சமமாக இருக்கிறது.

கனகாவுக்கு ஆறு வயதிருக்கும்போது எண்ணூர்ப் பக்கம் த. போன படகு கவிழ்ந்தது. இரண்டு பிணம் கிடைத்தது, த. கிடைக்கவில்லை. அவன் மனைவி செல்லம்மா பொட்டை அழித்தாள். கனகா அப்பா படத்துக்கு மாலை போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் வியாசர்பாடி மார்க்கெட்டில் அவனைப் பார்த்தேன். கையில் முருங்கைக்காய்க் கட்டு. கவிழ்ந்த படகிலிருந்து நீந்திக் கரையேறினவன் வீட்டுக்கு வராமல் விசாகப்பட்டினம் போய்விட்டான். அங்கே வேறு பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், பிறகு எல்லோருமாக வியாசர்பாடி. அந்த மார்க்கெட்டில்தான் சத்தியம் வாங்கினான். அந்தோணியார் மேல். அப்போது செல்லம்மா உயிரோடு இருந்தாள். அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தாள், வெள்ளைப் புடவையில். தினம் என் வாசல் வழியாகத்தான் தண்ணீருக்குப் போவாள்.

போதும்.

நவம்பர் 8

மூன்று நாள் மழை. பள்ளத்தில் தண்ணீர் டீ நிறம். அதில் விழுந்த கம்பி ஊசியாக இளைத்துவிட்டது. இந்தத் தண்ணீரைப் பற்றி சந்துக்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். அதற்காக இன்று காலேஜிலிருந்து ஒரு அம்மா வந்தார். அமுதா மேடம். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் கண்ணாடிக் குப்பிகள்.

காகிதத் துண்டைத் தண்ணீரில் நனைத்தார். ரோஸ் நிறம் வந்தது.

"எலுமிச்சம்பழச் சாறு அளவுக்குப் புளிப்பு ஐயா. கால்ல படாம பாத்துக்குங்க."

கனகா வீட்டு உள்ளே அவரை விடவில்லை. பூட்ஸ் போட்டுக்கொண்டு சாமி அறைக்கு வந்தால் எப்படி. கழற்றுகிறேன் என்றார். பேபியம்மா அதற்கும் விடவில்லை. "சாமிய டப்பால புடிச்சிக்கினு போவ வந்துகீது பாரு இந்தம்மா." எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் என் வீட்டில் டீ குடித்தார். கனகா வீட்டுச் சுவரையொட்டிப் பள்ளத்தின் அடியில் ஊறுகிற தண்ணீரை இரண்டு குப்பியில் பிடித்திருந்தார். இரண்டும் ஒரே மாதிரி, வெளிர் பச்சை. ஒரு குப்பியை எங்கள் அடுப்பில் கொதிக்கிற தண்ணீருக்குள் அரை மணி நேரம் வைத்து எடுத்தார். இரண்டையும் பஞ்சால் அடைத்து அலமாரியில் வைக்கச் சொன்னார்.

"எது என்னன்னு குறிச்சு வைங்க. அஞ்சாறு நாள் பாருங்க. வந்து சொல்றேன்."

எனக்குக் குறிக்கத் தெரியாது. கொதித்ததன் கழுத்தில் கறுப்பு நூல் கட்டினேன்.

நவம்பர் 10

ஞாயிறு. பிலோ பூசைக்கு ராயபுரம் போனாள். நான் போகவில்லை. மத்தியானம் சுறாப்புட்டு.

நூல் கட்டாத குப்பியில் லேசாக நிறம் மாறியிருக்கிறது. கண் பிசகா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இல்லை. பழுப்பு.

கனகா வீட்டில் புதுச் செய்தி. வெடிப்போரம் தரையில் அகல் வைத்தால் தானாக அணைகிறதாம். காற்று இல்லை, கதவு சாத்தியிருக்கிறது. மூன்று தரம் வைத்து மூன்று தரம் அணைந்தது. அதே அகலை ஜன்னல் திண்டில் வைத்தால் நின்று எரிகிறது. அம்மன் விளக்கை வாங்கிக்கொள்கிறாள் என்கிறார்கள்.

கப்பலில் சரக்கு அடைத்த அடிக்கிடங்கைத் திறந்தால் ஆள் உடனே இறங்கமாட்டோம். கயிற்றில் அரிக்கேன் விளக்கைக் கட்டி முதலில் இறக்குவோம். விளக்கு நின்றால் ஆள் இறங்கலாம். அணைந்தால் மேஸ்திரி கையை விரித்துத் தடுப்பான். பாவாடையின் தம்பி ஒருதரம் மேஸ்திரி பேச்சை மீறி இறங்கினான். ஏணியில் மூன்றாவது படியில் தூங்குகிறவன் மாதிரி உட்கார்ந்தான். கத்தவில்லை. முனகவுமில்லை.

குழந்தை படுத்திருப்பது தரையில்.

நவம்பர் 11

கனகாவிடம் போய்ச் சொன்னேன். குழந்தையைத் தொட்டிலில் போடு, முன்னறைக்குக் கொண்டுபோ, இது சாமி இல்லை, கீழே கிணறு இருக்கிறது, அதில் நாங்கள் கொட்டின கல் இருக்கிறது என்று.

இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"கெணறா? எங்கப்பா கட்ன வூடு மாமா இது. கெணத்து மேல வூடு கட்றதுக்கு எங்கப்பா இன்னா லூசா?"

"நானும் கூட இருந்தேன்."

"நீதான் சொல்ற. வேற யாரு பாத்தா?"

மூன்று பேர் பெயர் சொன்னேன். ஏசுரத்தினம், மஸ்தான், பாவாடை.

"மூணு பேரும் செத்துட்டாங்க. இன்னா மாமா நீ."

பேபியம்மா அங்கேயே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். "அந்தோணியாருக்குக் கூட்டம் கொறஞ்சிட்ச்சின்னு கெயவனுக்கு வவுத்தெரிச்சல்" என்றாள். கனகா அதற்கு மட்டும் அவளை அதட்டினாள். "பெரியவர அப்டிப் பேசாத."

கெஞ்சினதில் ஒன்று நடந்தது. இன்று மட்டும் குழந்தையை முன்னறையில் போட்டாள். சாயங்காலம் வரை அழுதது. நல்ல சத்தமாக, கையைக் காலை உதைத்து, சந்தே கேட்கிற மாதிரி. கேட்கச் சந்தோஷமாக இருந்தது எனக்கு. அவர்களுக்கு அப்படி இல்லை. அம்மா மடியை விட்டுப் பிரித்ததால் அழுகிறது என்று மறுபடி பின்னறைக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

அடங்கிவிட்டது.

நவம்பர் 13

குப்பி: நூல் கட்டினது அப்படியே பச்சை. கட்டாதது டிகாக்‌ஷன். அடியில் சகதி.

பிலோ அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் சமைக்கிறாள். "அத்த வெளிய வெச்சிடு நைனா. உத்துப் பாத்துகினே கீற மாதிரி கீது."

கார்த்திகை முதல் வெள்ளிக்குப் பெரிய பூசை. பேபியம்மா வாக்கு சொல்லிவிட்டாள்: அன்றைக்குச் சிமெண்டைக் கடப்பாரையால் உடைக்க வேண்டும், முழங்கை ஆழம் தோண்ட வேண்டும், அம்மன் முகம் தெரியும். ஐம்பது பேருக்குக் கூழ். அந்த அறையில் பத்துப் பேர் நின்றாலே இடிக்கும். ஒரே ஒரு ஜன்னல்.

இன்னும் ஒன்பது நாள்.

நவம்பர் 14

வியாசர்பாடி போனேன். பிலோவிடம் கண் ஆஸ்பத்திரி என்று பொய். பஸ்ஸில் உட்கார இடம் கொடுத்தார்கள்.

ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. படியில் நான்கு தரம் நின்றேன். த. பால்கனியில் நாற்காலி போட்டுக் கீழே பையன்கள் பந்து உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்பத்திரண்டு வயது. பல் இல்லை. குரல் அப்படியே.

"இன்னாடா சவரி. இன்னும் உசுரோட கீறியா?"

"நீ செத்தே நாப்பது வருசம் ஆவுது. உன் படத்துக்கு மால போட்டப்ப நான்தான பக்கத்துல நின்னேன்."

சிரித்தான். இருமினான். மருமகள் டீ வைத்துவிட்டு உள்ளே போனபிறகு சொன்னேன். தரை, மஞ்சள், அகல், குழந்தை. குழந்தை என்றதும் கேட்டான்.

"பொண்ணா?"

"பொண்ணு. உன் கொள்ளுப்பேத்தி. உன் மூக்கு."

கீழே யாரோ கோல் போட்டுக் கத்தினார்கள். பிறகு, நான் கேட்காமலே ஒன்று சொன்னான்.

"அந்தக் கெணறு அப்பவே செரியில்ல மாமு. கல்லக் கொட்டி ஒரு வாரம் கூட ஆவல. காதை வெச்சிக் கேட்டா சொய்யின்னு சத்தம். உல வெச்ச மாதிரி. உள்ள எதுவோ மெல்லுது. அதுக்குத்தான் கிளிஞ்சலா வாரிக் கொட்னேன். இன்னும் அதிகமாப் பொங்குச்சி. களிமண்ணப் போட்டு மிதிச்சி மூட்னப்பறந்தான் அடங்குச்சி. அது மேலதான் ஆறு வருசம் படுத்தேன். படகு கவுந்துச்சே, தண்ணியில கீறப்ப எனுக்கு இன்னா தோணுச்சி தெரியுமா? இனிமே அந்தத் தரையில படுக்க வேணாம்."

"வந்து சொல்லு. உன் பொண்ணு என்ன நம்பல. நீ சொன்னா நம்புவா."

"செத்தவன் எப்டி நைனா வர்றது?"

"கொயந்த சாவும்டா."

"நீ எடுத்து வெளிய போடு. நீதான் கீறியே." உள்பக்கம் தலையைக் காட்டினான். "இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேரன் பேத்தின்னு பதினோரு பேரு. என் பேரு அந்தச் சந்துல கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணிகீற."

கையைப் பிடித்தான். பிடி இன்னும் கடினம். கிளம்பும்போது படி வரைக்கும் வந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"மூக்கு என்னுதா?"

படியில் இறங்கிவிட்டேன்.

நவம்பர் 16

அமுதா மேடம் வந்தார். குப்பிகளைப் பார்த்ததும் தலையாட்டினார். கிணறு, பொன்கல், கிளிஞ்சல், அகல், குழந்தை எல்லாம் அவரிடம் சொன்னேன். நான் கேட்டேன், இரண்டும் ஒரே தண்ணீர்தானே என்று.

"ஒரே தண்ணிதான். இதுல இருந்த உயிரெல்லாம் சூட்டுல செத்துடுச்சு. அதுல இருக்கிறது உயிரோட இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

உயிரா என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டுல லட்சக்கணக்குல இருக்கும். வெளிச்சம் வேண்டாம், சோறு வேண்டாம். இரும்பும் கந்தகமும்தான் அதுக்குச் சாப்பாடு. நீங்க சொல்ற பொன்கல் ரெண்டும் சேர்ந்ததுதான்."

எலி மாதிரி கல்லைக் கொறிக்குமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை அவர். பொறுமையாகச் சொன்னார். கல்லிலிருந்து கரைந்து வருகிற இரும்பை இது துருவாக மாற்றுகிறது. அதில்தான் இதற்குத் தெம்பு. அந்தத் துரு தண்ணீரில் கரைந்தபடியே போய்க் கல்லைக் கடிக்கிறது. கடித்த பிறகு துரு மறுபடி பழைய இரும்பாகத் திரும்புகிறது. அதை இது மறுபடி துருவாக்குகிறது. மறுபடி கடி. சுற்று நிற்பதே இல்லை. கல்லில் இருக்கிற கந்தகம் ஆசிட்டாகிறது. மற்ற உயிரெல்லாம் சாகிற அந்த ஆசிட்டில்தான் இது நன்றாகப் பெருகும்.

"இது இல்லாம இருந்தா?"

"அப்பவும் துரு பிடிக்கும். ஆனா ரொம்ப மெதுவா. நீங்களும் நானும் பார்க்க மாட்டோம்."

ஏன் இத்தனை வருஷம் சும்மா இருந்தது என்று கேட்டேன். காற்று வேண்டுமாம் அதற்கு. களிமண்ணும் நிலத்தடித் தண்ணீரும் மூடி வைத்திருந்தன. கால்வாய்ப் பள்ளம் தோண்டித் தண்ணீரை இறைத்தபோது காற்று உள்ளே போயிருக்கிறது. விழித்துக்கொண்டது.

தரை ஏன் எழும்புகிறது: ஆசிட்டை கிளிஞ்சல் குடிக்கிறது. குடித்து வேறு பொருளாகி உப்புகிறது. உப்பினது சிமெண்டைத் தூக்குகிறது.

மஞ்சள்: இந்தப் புளிப்பில் இரும்பு அப்படித்தான் பூக்கும்.

அகல்: கீழே அது காற்றில் மூச்சுக்கு வேண்டியதைத் தின்றுவிடுகிறது. கிளிஞ்சல் கரைகிறபோது ஒரு கனமான வாயு வேறு. வெடிப்பு வழியாக வந்து தரையோடு தேங்கும். தரையில் படுத்திருப்பவர்களுக்குத்தான் முதலில்.

"அந்தத் தரைய உடைச்சா மொத்தமா வெளிய வரும் ஐயா. கிணத்து வாய் எந்த அளவுக்கு அரிச்சிருக்குன்னும் தெரியல. ஆளோட உள்ள இறங்கினாலும் இறங்கும். நான் எழுதிக் கொடுத்திருக்கேன். கார்ப்பரேஷன் ஆபீஸ்ல ஆள் அனுப்ப ரெண்டு வாரம் ஆகுமாம்."

வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள்.

கனகாவிடம் மேடம் தானே போய்ப் பேசினார். வாசலில் நிறுத்தியே. கனகா மரியாதையாகக் கேட்டாள். கடைசியில், "எங்க சாமிய நீங்க புழுன்றீங்க. பரவால்ல மேடம். மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

நவம்பர் 19

மழை. குப்பியைத் தெருவில் வைத்துவிட்டேன். பிறகு நானே உள்ளே எடுத்து வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மத்தியானம் கனகா வீட்டுச் சுவரில் காதை வைத்தேன். கேட்கிறது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக். அவசரமே இல்லாத சத்தம். எனக்கு முப்பது சொச்சம் வயதிருக்கும்போது தலைக்கூடையில் சுமந்து கொட்டினது. நானும் கிழவனாகிவிட்டேன், கூடக் கொட்டினவர்கள் போய்விட்டார்கள். அது இப்போதுதான் பசியோடு எழுந்திருக்கிறது.

குழந்தைக்கு உதடு நீலமாக இருக்கிறது என்று பிலோ சொன்னாள். டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அங்கே போனதும் சரியாகிவிட்டதாம், நன்றாக அழுததாம். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அமைதி. தீபாவுக்குத் தலைவலி, வாந்தி. அவளும் தரையில்தான் படுக்கிறாள்.

தீபாவை மட்டும் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அழுதாள். "எனுக்கும் பயமாத்தான் கீது தாத்தா. அம்மா கேக்காது. அதுங்கப்பாவே அம்மனக் கூட்டியாந்து வுட்டுகீறாருன்னு சொல்லுது. அப்பா படத்துக்குக் கீயதான கொயந்த படுக்கணும்னுது."

அப்பா படம். அதற்குக் கீழே.

நவம்பர் 21

அந்தோணியார் சிலை நிற்கிற கெபிக்குப் போனேன். மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். சத்தியத்தை விடச்சொல்லிக் கேட்பது சரியா, மன்னிப்பு முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மீறுவது சரியா. ஒரு பெண்ணை ஏழு வருஷம் வெள்ளைப் புடவையில் நடக்கவிட்ட சத்தியம் அது. மேரிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே செல்லம்மாவிடம் போய்ச் சொல்லியிருப்பாள்.

பிலோ கேட்டாள், "இன்னா நைனா, நாலு நாளா சோறு எறங்கல?"

"ஒண்ணுமில்ல."

சந்தில் பந்தல் போட்டுவிட்டார்கள். மைக் செட் வந்தாயிற்று.

நவம்பர் 22, வெள்ளி

குழந்தை எங்கள் வீட்டில், தொட்டிலில். தீபா பக்கத்தில் பெஞ்சில். அழுது ஓய்ந்து இப்போதுதான் கண் மூடியது. பிலோ வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் தரையை யாரும் உடைக்கவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்கே கூட்டம். பின்னறையில் மட்டும் பதினைந்து பேராவது. ஜன்னலுக்கு முன்னால் பூ அலங்காரம், காற்றே இல்லை. கடப்பாரைக்குக் குங்குமம் வைத்துச் சுவரில் சாய்த்திருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. போய் அந்த மேட்டின் மேல் உட்கார்ந்தேன். வேட்டி வழியாகச் சூடு ஏறியது.

சத்தம் எழும்பியது. எழுந்திரு, சாமி மேல உக்காந்துகினு கீது பாரு, தூக்குங்கடா. இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். கனகா அவர்களைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். மஞ்சள் புடவை, ஈரத் தலை.

"எயுந்திரு மாமா. நான் உன்ன எங்கப்பா மாதிரி பாக்கறேன். என்ன அசிங்கப்படுத்தாத."

"கொயந்தயத் தூக்கினு எல்லாரும் வெளிய போங்க. எயுந்துக்கறேன்."

"ஏன் போவணும்?"

"கீய கெணறு. அதுல கல்லு. நாங்கதான் கொட்னோம்."

"சாட்சி யாருன்னு கேட்டேனே. அன்னிக்கி மூணு பேரு சொன்ன."

"அஞ்சு பேரு. நான் ஒண்ணு. ஏசுரத்தினம் மாரடைப்புல போயிட்டான். மஸ்தான் அவன் பொண்ணு வூட்ல கண்ண மூட்னான். பாவாடை கொரோனாவுல."

"எல்லாம் செத்தவங்களாவே சொல்லு." பின்னால் யாரோ சிரித்தார்கள். கனகா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். எண்ணிக்கை அவளுக்கு இடித்துவிட்டது. "நாலுதான் ஆச்சி. அஞ்சாவது யாரு?"

குழந்தை என் முழங்காலுக்கு எதிரே பாயில். கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல். எனக்கே தலை சுற்ற ஆரம்பித்திருந்தது. ஏணியில் மூன்றாவது படியில் உட்கார்ந்தவன் ஞாபகம் வந்தது.

"சொல்லு மாமா. அஞ்சாவது ஆளாவது உசுரோட கீறானா?"

"கீறான்."

"எங்க?"

"வியாசர்பாடி. போர்டு வூடு, மூணாவது மாடி. போய்க் கேளு. கெணறு எங்க கீதுன்னு அவன் சொல்லுவான்."

"பேரு?"

சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். சொன்னேன்.

தணிகாசலம்.